புராஸ்டேட் வீக்கம்: மாத்திரையா, நீராவியா, டர்ப்பா, லேசரா? சேலம், ஏற்காட்டுக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஸ்கேனில் புராஸ்டேட் 52 கிராம் என்று போட்டிருக்கிறது. இங்கே ஒரு டாக்டர் மாத்திரையே போதும் என்கிறார். இன்னொருவர் டர்ப் செய்துவிடலாம் என்கிறார். கோயம்புத்தூரில் லேசர் நல்லது என்கிறார்கள். பெங்களூரில் நீராவி வைத்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்களாம். அப்பாவுக்கு எதைச் செய்வது?"

அறுபது வயதைத் தாண்டிய ஆண் உள்ள வீடுகளில் இன்று சாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. (டர்ப் என்பது சிறுநீர்க் குழாய் வழியே போய்ச் சுரப்பியைச் செதுக்கி எடுக்கும் அறுவை.) நான்கு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் கையில் இருக்கும் கருவியிலிருந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். நாம் பேச்சை நோயாளியிடமிருந்து தொடங்குவோம். இங்கே பேசுவது, மூத்திரப்பையின் வாயைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் அல்லாத வீக்கத்தைப் பற்றி மட்டும். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் இந்தத் தேர்வுக்கே வரவேண்டும்.

முதலில் எதை வைத்து அளப்பது

தொந்தரவின் அளவு. ஏழு கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாள் ஒன்று எல்லாச் சிறுநீரகவியல் மருத்துவர்களிடமும் இருக்கும். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. அப்பாவை உட்காரவைத்து நீங்களே நிரப்பாதீர்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மகன் முன்னால் சொல்பவர், தனியாக நிரப்பும்போது 22 போடுவார்.

சுரப்பியின் அளவு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று நீளங்கள் இருக்கும். அவற்றைப் பெருக்கி 0.52ஆல் மறுபடி பெருக்கினால் கொள்ளளவு வந்துவிடும். 5.0, 4.6, 4.4 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 52.6 சி.சி. கிராமும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டு இடத்தில் எடுத்த ஸ்கேனில் 45, 70 என்று வந்து குழம்பினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில நேரம் தட்டச்சுப் பிழைதான் காரணமாக இருக்கும். நடு மடல் மூத்திரப்பைக்குள் துருத்திக்கொண்டு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சின்னச் சுரப்பியாக இருந்தாலும் அந்த ஒரு துருத்தல் மூடிபோல வாயை அடைக்கும்.

பையின் பலம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இருபது வருடமாகச் சுகர் இருப்பவருக்கு மூத்திரப்பையின் தசையே சோர்ந்து போயிருக்கலாம். மோட்டார் கெட்டுக் கிடக்கும்போது பைப்பை அகலமாக்கி என்ன பயன்? சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, நொடிக்கு எத்தனை மில்லி வேகத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள். வேகம் 10 மில்லிக்குக் கீழ் என்றால் அடைப்பாகவோ பலவீனமாகவோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பையின் அழுத்தத்தையே அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை தேவைப்படும்.

வேகப் பரிசோதனைக்குக் குறைந்தது 150 மில்லி போகவேண்டும். அதற்காக அளவுக்கு மீறி அடக்கிவைத்துப் போனாலும் கணக்கு கெடும். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி, டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவரின் பை அதிகமாக விரிந்து நிற்கும். வேகமும் குறைவாக வரும், மிச்சமும் அதிகமாகக் காட்டும். வந்ததும் ஒருமுறை போய்விட்டு, பிறகு தண்ணீர் குடித்துச் சாதாரண உந்துதல் வரும்போது செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது பலரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது: விந்து வெளிவருவது. சில சிகிச்சைக்குப் பின் அது வெளியே வராமல் பைக்குள் போய்விடும். உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆண்மை போய்விட்டது என்றும் பொருள் இல்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேட்கவேண்டும். மகன் கூட இருந்தால் அப்பா கேட்கமாட்டார். ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள்.

இன்னும் பார்க்க வேண்டியவை: ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மயக்க மருந்து தாங்கும் இதயம், கடைசியாக வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள தூரம். இந்தத் தூரத்தைப் பெரும்பாலான ஒப்பீடுகள் கணக்கில் எடுப்பதே இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவருக்கும் ஏற்காட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் லைனில் இருப்பவருக்கும் ஒரே சிகிச்சை ஒரே விலையில் வருவதில்லை.

எல்லாமே சூடுதான்

மாத்திரையை விட்டால், மேலே சொன்ன மற்ற எல்லாமே ஏதோ ஒரு வகையில் சூட்டை வைத்துச் செய்பவை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில்தான் வேறுபாடு.

1984இல் சப்பரேட்டோ, டூவி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே சேதத்துக்குத் தேவையான நேரம் பாதியாகும். 43 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆவது 45இல் 15 நிமிடம், 50இல் அரை நிமிடத்துக்கும் குறைவு. 60ஐத் தாண்டினால் முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி திசுவின் புரதம் உடனே உறைந்துவிடும். 100க்கு மேல் போனால் திசுவில் உள்ள நீரே கொதித்து ஆவியாகிவிடும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் நாற்பது வருட ஆராய்ச்சியின் கதையும் புரியும். 1980களில் இஸ்ரேலில் அம்னோன் எருஷல்மி குழுவினர், அறுவை தாங்காத நோயாளிகளுக்கு மலக்குடல் வழியாக மைக்ரோவேவ் சூடு வைத்துப் பார்த்தார்கள். குடல்சுவர் வெந்துவிடக் கூடாது என்பதால் 43 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டியிருந்தது. பல முறை வரவழைத்துச் சூடு வைத்தும் பலன் நிலைக்கவில்லை. பிறகு பிரான்சின் லியோனில் மரியான் தெவொனெக் முதலானோர் வழியை மாற்றினார்கள். கருவியைச் சிறுநீர்க் குழாய்க்குள் வைத்து, குழாயைக் குளிர்ந்த நீரால் காத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சுரப்பியை 45 டிகிரிக்கு மேல் ஏற்றினார்கள். ஒரே அமர்வில் முடிகிற சிகிச்சை அதிலிருந்து பிறந்தது.

ஆக, கையில் இருக்கும் வழிகள் இரண்டு வகை. சூடு வைத்துத் திசுவைச் சாகவிட்டு, உடம்பே அதைக் கரைக்கட்டும் என்று காத்திருப்பது ஒன்று. சூட்டையே கத்தியாக்கி இப்போதே வெட்டி வெளியே எடுப்பது இன்னொன்று. முதலாவதில் கை மென்மை, பலன் தாமதம். இரண்டாவதில் பலன் உடனே, விலையும் உடனே. கீழே வரும் எல்லாவற்றையும் இந்த ஒரு கோட்டை வைத்துப் பார்த்தால் போதும்.

இடையில் ஒன்று: வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது, அடிவயிற்றில் ஒத்தடம் கொடுப்பது. இடுப்புத் தசை தளரும், அன்றைக்குச் சிறுநீர் கொஞ்சம் சுலபமாகப் போகும். சுரப்பி சுருங்காது. தோலில் தாங்கும் 40 டிகிரிச் சூடு சுரப்பி வரை போய்ச் சேராது.

மாத்திரை

டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின். மூத்திரப்பையின் கழுத்துப் பகுதித் தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே பலன் தெரியும், சுரப்பியைச் சுருக்காது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவர் இரவில் கட்டிலிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். சிலோடோசின் 8 மில்லிகிராம் இதே வகை, ஆனால் விந்து வராமல் போவது இதில் அதிகம்.

டூட்டாஸ்டெரைடு 0.5, ஃபினாஸ்டெரைடு 5 மில்லிகிராம் வேறு வகை. இவை சுரப்பியை ஏறத்தாழ கால் பங்கு சுருக்கும். ஆனால் முழுப்பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். பெரிய சுரப்பிக்குத்தான் இவை பொருத்தம். 25 கிராமுக்கு எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் விலைகளைச் சொல்லிவிடுகிறோம். டாம்சுலோசின் சாப்பிட்டவருக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து தொந்தரவு தரும். நிறுத்திவிட்டாலும் இது வரலாம். கண் சிகிச்சை முகாமுக்குப் போகிறவர் "ஒன்னுக்கு மாத்திரை சாப்பிட்டேன்" என்று கண் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். டூட்டாஸ்டெரைடு பி.எஸ்.ஏ.யைப் பாதியாக்கும். ரிப்போர்ட்டில் 3 வந்தால் அதை 6 என்று படிக்கவேண்டும். இதைச் சொல்லாததால் தவறிப்போன புற்றுநோய்கள் உண்டு. கர்ப்பமாக இருக்கும் மருமகளோ மகளோ உடைந்த காப்ஸ்யூலைத் தொடக்கூடாது. மாத்திரைப் பெட்டியை நிரப்புவது யார் என்று வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தி ஆறு மாதம் வரை ரத்ததானமும் செய்யக்கூடாது.

மிகப் பெரிய மறைவிலை வேறு. மாத்திரையால் தொந்தரவு பாதியானதும் ஆள் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. உள்ளே மிச்சச் சிறுநீர் ஏறிக்கொண்டே இருக்கும், பைச்சுவர் தடித்துப் பலவீனமாகும், நான்கு வருடம் கழித்துக் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறித்தான் விஷயம் வெளியே வரும். வருடம் ஒருமுறையாவது மிச்சச் சிறுநீர் ஸ்கேனும் கிரியாட்டினினும் பார்க்காதவருக்கு மாத்திரை மலிவான வழி ஆகாது.

மதிப்பெண் 8 முதல் 19க்குள், மிச்சம் குறைவு, சிறுநீரகம் நலம் என்றால் தொடங்க வேண்டியது இதில்தான். திரும்பத் திரும்ப அடைப்பு, பைக்குள் கல், அடிக்கடி ரத்தம் போவது, விடாத தொற்று, சிறுநீரகம் வீங்குவது — இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நம்பி நாள் கடத்தக் கூடாது.

மைக்ரோவேவும் ரேடியோ அலை ஊசியும்

இவற்றை விரைவில் கடந்துவிடலாம். (ரேடியோ அலை ஊசி என்பது சுரப்பிக்குள் ஊசி குத்தி ரேடியோ அலையால் சூடாக்குவது.) 1996இல் அமெரிக்காவில் இரண்டுக்கும் அனுமதி கிடைத்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ரேடியோ அலை ஊசியை அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. மைக்ரோவேவை அது ஒதுக்கிவிடவில்லை, ஆனால் மறுசிகிச்சை அதிகம் தேவைப்படும் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யச் சொன்னது.

2000 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மைக்ரோவேவ் சிகிச்சை பற்றி விடுத்த எச்சரிக்கையிலிருந்து கற்க ஒன்று உண்டு. கருவியின் குழாய் சரியான இடத்தில் நிற்காதது, மலக்குடல் வெப்பமானி நழுவியது, நோயாளியைத் தனியே விட்டுப் போனது — இவற்றால் சிறுநீர்க் குழாயும் குடலும் வெந்துபோன சம்பவங்கள் நடந்தன. அதிகமாகத் தூக்க மருந்து கொடுக்காதீர்கள் என்றும் அந்த எச்சரிக்கை சொன்னது. சூடு தவறான இடத்துக்குப் போகிறது என்பதை முதலில் சொல்வது நோயாளியின் வலிதான். அந்த வாயை அடைத்துவிடக் கூடாது.

யாராவது "பழைய மைக்ரோவேவ் மிஷின் இருக்கிறது, குறைந்த செலவில் செய்கிறோம்" என்றால் விலையை விசாரிக்கும் முன் நடுவில் யார் பக்கத்தில் இருப்பார் என்று விசாரியுங்கள்.

நீராவி

ரெசூம் என்ற பெயரில் வருவது இதுதான். 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி ஏன் அவ்வளவு சுடுகிறது? அதே 100 டிகிரியில் சூடான காற்று பட்டால் அப்படிச் சுடாது. ஆவி தண்ணீராக மாறும் அந்த நொடியில் கிராமுக்கு 540 கலோரியை விட்டுவிடுகிறது. அதுதான் இங்கே ஆயுதம். சிறுநீர்க் குழாய் வழியாகக் கேமராவுடன் போய், ஓர் ஊசியைச் சுரப்பிக்குள் நுழைத்து, 103 டிகிரி ஆவியை 9 விநாடி செலுத்துகிறார்கள். ஒரு முறைக்கு அரை மில்லிக்கும் குறைவான தண்ணீரே ஆவியாகிறது. ஆவி செல்களுக்கு இடையே பரவி, திசுவை 70 டிகிரி வரை ஏற்றிச் சாகடிக்கிறது. சுரப்பியின் பகுதிகளுக்கு நடுவே உள்ள இயற்கைச் சுவரைத் தாண்டி எளிதில் போவதில்லை. மைக்ரோவேவ் செய்யத் தடுமாறியதை ஆவி எளிதாகச் செய்வதற்குக் காரணம் இதுவே. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று ஊசி. நடு மடல் இருந்தால் அதிலும். கருவி உள்ளே இருப்பது பத்து நிமிடத்துக்குள்.

பலன்? அமெரிக்காவில் 197 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஐந்து வருடக் கடைசியில் மதிப்பெண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தே நின்றது. 4.4 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது, 11.1 சதவீதம் பேர் மறுபடி மாத்திரைக்குப் போனார்கள். விந்து வருவது பெரும்பாலோருக்கு மாறவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் சுரப்பி 30 முதல் 80 சி.சி. வரைதான். உங்கள் அப்பாவுக்கு 110 என்றால் இந்தச் சதவீதத்தை அவருக்குப் பொருத்த முடியாது.

இப்போது விலை. "பத்து நிமிடம்" என்ற விளம்பரம் உண்மைதான். ஆனால் அதோடு கதை முடிவதில்லை. வெந்த திசு முதலில் வீங்கும். அதனால் மூன்று முதல் ஏழு நாள் வரை கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் ட்யூப்) இருக்கும். ஏற்கெனவே அடைத்துக்கொண்டு ட்யூப் போட்டவருக்கு இன்னும் நீளலாம். முதல் இரண்டு வாரம் எரிச்சல், அவசரம், அடிக்கடி போவது எல்லாம் முன்பைவிட மோசமாகவே இருக்கும். சிலர் "பணத்தைக் கொட்டிக் கெடுத்துக்கொண்டோம்" என்று புலம்புவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு தேறத் தொடங்கி, மூன்று மாதத்தில் முழுப்பலன் வரும்.

ஊசிக் கைப்பிடி ஒருமுறைக்கு மட்டுமே. பில்லின் பெரும்பகுதி அதுதான். காப்பீட்டு நிறுவனம் இந்தக் கருவியின் விலையைத் தனியே வெட்டிவிடலாம். முன்அனுமதிக் கடிதத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். திசு எதுவும் வெளியே வராததால் பயாப்சிக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. எனவே பி.எஸ்.ஏ. முன்கூட்டியே சுத்தமாக இருக்கவேண்டும்.

யாருக்கு நல்லது: 30–80 சி.சி., விந்து முக்கியம் என்பவர், முழு மயக்கம் தாங்காதவர், மூன்று மாதம் பொறுக்கக் கூடியவர். யாருக்கு வேண்டாம்: சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியவர், பைக்குள் கல் உள்ளவர். இவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை.

டர்ப்

முப்பது வருடத்துக்கு முன்பு அப்பாவின் அண்ணனுக்குச் செய்தது இதுதான். இன்றும் மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். முதுகில் ஊசி போட்டு, குழாய் வழியே போய், மின்சாரத்தில் சூடான கம்பி வளையத்தால் சுரப்பியைச் செதில் செதிலாகச் செதுக்கி எடுப்பது. எடுத்த துண்டுகள் எல்லாம் பயாப்சிக்குப் போகும். ட்யூப் எடுத்த அன்றே வேகம் தெரியும்.

கேட்கவேண்டிய முதல் கேள்வி: மோனோபோலாரா, பைபோலாரா (கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் இரு முறைகள்)? பழைய மோனோபோலாரில் சலைன் பயன்படுத்த முடியாது, கிளைசின் திரவம் ஓடவேண்டும். அறுத்த ரத்தக்குழாய் வழியாக அது உடம்புக்குள் ஏறினால் ரத்தத்தில் சோடியம் விழும். குழப்பம், வாந்தி, கண் மங்கல். நேரம் நீள நீள ஆபத்து ஏறுவதால் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். பைபோலாரில் சாதாரண சலைனே ஓடும், இந்த ஆபத்து ஏறத்தாழ இல்லை. வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் பைபோலார் இருக்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் கூடப் போவதில் தவறில்லை.

நூறில் அறுபது எழுபது பேருக்கு விந்து பைக்குள் போகும். சிலருக்குக் குழாயில் பின்னர் சுருக்கம் விழும். ஆண்டுக்கு நூறில் ஒருவர் இருவருக்கு மறு அறுவை தேவைப்படும்.

ஏற்காட்டுக்காரர் குறித்துவைக்க வேண்டிய நாட்கள் 10 முதல் 14 வரை. உள்ளே பொருக்கு உதிரும் நேரம் அது. ஒரு வாரம் தெளிவாகப் போன சிறுநீர் திடீரென்று சிவப்பாகும். பெரும்பாலும் தண்ணீர் குடித்தால் அடங்கும். கட்டி கட்டியாக வந்து அடைத்துக்கொண்டால் அது அவசரம், பையைக் கழுவியே ஆகவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்குவதை அந்த நேரத்தில் நினைத்துப் பாருங்கள். அதுவும் மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில், ஞாயிறு மாலை. டர்ப் செய்தால் இரண்டு வாரம் சேலத்திலேயே மகள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்க வையுங்கள். அந்தத் தங்கும் செலவும் சிகிச்சைச் செலவுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரகவியல் வெளிநோயாளிப் பிரிவில் முதலில் காட்டுவது நல்லது. எந்த நாள், எந்த அட்டை, என்னென்ன நகல் என்று ஒருமுறை நேரில் கேட்டுவந்துவிட்டால் பெரியவரை இரண்டு தடவை அலைக்கழிக்க வேண்டாம்.

லேசர்

"லேசர்" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பச்சை லேசர், 532 நானோமீட்டர், ரத்தத்தின் சிவப்பால் உறிஞ்சப்பட்டுத் திசுவை ஆவியாக்கும். ரத்தக்கசிவு குறைவு, பயாப்சிக்குத் துண்டு மிஞ்சாது. ஹோல்மியம் லேசர் நீரால் உறிஞ்சப்படுவது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே ஊடுருவும். அதனால்தான் கத்தி மாதிரி துல்லியம். 1990களில் நியூசிலாந்தின் டௌரங்காவில் பீட்டர் கில்லிங் குழுவினர் வளர்த்தெடுத்த ஹோலெப் முறையில், ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல வீங்கிய பகுதி முழுவதையும் உறையிலிருந்து உரித்துப் பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள்.

இதன் பலம் அளவில். 40 ஆனாலும் 150 ஆனாலும் செய்யலாம். முன்பு வயிற்றைத் திறந்து எடுத்த சுரப்பிகளை எல்லாம் இப்போது இதில் எடுக்கிறார்கள். முழுவதும் போய்விடுவதால் திரும்ப வளர்வது மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு நாள் இரண்டு நாளில் ட்யூப் வெளியே. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்த முடியாத ஸ்டென்ட் நோயாளிக்கு டர்ப்பைவிட இது பத்திரம். (ஆனால் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.)

குறை கையில் இருக்கிறது. கற்றுக்கொள்ளக் கடினமான அறுவை, ஒரு மருத்துவர் ஐம்பது கேஸ் செய்தபிறகுதான் கை நிற்கும் என்பார்கள். எனவே கருவியை விசாரிக்காதீர்கள், கையை விசாரியுங்கள். இன்னொரு நுணுக்கம்: கல் உடைக்க வைத்திருக்கும் 20–30 வாட் ஹோல்மியம் கருவி நிறைய இடங்களில் உண்டு. அதை வைத்துக்கொண்டே "எங்களிடம் லேசர் இருக்கிறது" என்பார்கள். பெரிய சுரப்பியை உரிக்க வழக்கமாக 80 முதல் 120 வாட் கருவியும், அரைக்கும் கருவியும் வேண்டும்.

விந்து பைக்குள் போவது இதில் டர்ப்பைவிடவும் கொஞ்சம் அதிகம். முதல் சில வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை, இருமும்போதும் எழும்போதும் சொட்டு ஒழுகும். இடுப்புத் தளத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை அறுவைக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கினால் இந்தக் காலம் சுருங்கும். பின்னால் தொடங்கினால் தசை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

ஒரே பார்வையில்

| | மாத்திரை | நீராவி | டர்ப் | ஹோலெப் |
|---|---|---|---|---|
| பொருந்தும் அளவு | வகையைப் பொறுத்து | 30–80 சி.சி. | 80 சி.சி. வரை | எந்த அளவும் |
| பலன் தெரிவது | நாட்கள், அல்லது 6 மாதம் | 2 வாரத்துக்குப் பின், 3 மாதத்தில் முழுமை | ட்யூப் எடுத்த அன்று | ட்யூப் எடுத்த அன்று |
| கதீட்டர் | இல்லை | 3–7 நாள் | 2–3 நாள் | 1–2 நாள் |
| விந்து வெளிவருவது | மருந்தைப் பொறுத்து | பெரும்பாலும் நிலைக்கும் | பெரும்பாலும் நின்றுவிடும் | பெரும்பாலும் நின்றுவிடும் |
| பயாப்சித் துண்டு | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| மலைக்காரருக்குச் சிக்கல் | வருடப் பரிசோதனை தவறுவது | ட்யூபோடு ஒரு வாரம் | 10–14ஆம் நாள் ரத்தம் | நல்ல கை தேடி வெளியூர் |

சுரப்பி 30க்குக் கீழே, ஆனால் மூத்திரப்பையின் கழுத்து இறுகியிருக்கிறது என்றால் இந்த அட்டவணையே வேண்டாம். கழுத்தில் ஒரு கீறல் போடும் சின்ன அறுவை போதுமா என்று கேளுங்கள்.

வேலையும் காலமும்

தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவர், கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பற்றவைப்பவர் — இவர்களுக்கு டர்ப், ஹோலெப்புக்குப் பின் நீண்ட நேரம் அழுத்தி உட்காருவதும் முக்கிப் போவதும் ரத்தத்தைக் கிளப்பும். மலச்சிக்கல் வராமல் பார்ப்பது மாத்திரைக்குச் சமம். இருசக்கர வாகனம் மூன்று நான்கு வாரம் வேண்டாம். மூட்டை தூக்குவது ஆறு வாரம் கழித்து.

சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடிக்கும். நீராவி வைப்பதானால் ஆகஸ்டில் வைத்தால் பறிப்புக்கு முன் மூன்று மாதம் முடிந்துவிடும். டர்ப் என்றால் செப்டம்பர் நடுவரை தள்ளலாம். சேலத்துக்காரர் சித்திரை வெயிலில் செய்துகொண்டால் இரண்டரை லிட்டர் தண்ணீர் என்று டாக்டர் சொன்னது போதாது. வியர்வையில் போனதையும் சேர்த்துக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளில் நிற்க வேண்டும் (இதயக் கோளாறு உள்ளவர் மட்டும் அளவு கேட்டுக் குடிக்கவும்). இன்னொன்று, மலையில் மார்கழிக் குளிருக்குச் சளி பிடித்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. குளோர்ஃபெனிரமைன், சூடோஎபெட்ரின் கலந்தவை வீங்கிய புராஸ்டேட்டை ஒரே இரவில் முழுதாக அடைக்கும். எதையும் இன்னும் தேர்ந்தெடுக்காத வீட்டிலும் இதை இன்றே கடைப்பிடிக்கலாம்.

போனில் கேட்கவேண்டியவை, ட்யூப் எடுக்கும் நாள்

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே இவற்றைக் கேளுங்கள்: இந்த அறுவையை இந்த டாக்டர் எத்தனை செய்திருக்கிறார்? பைபோலார் உண்டா? லேசர் எத்தனை வாட்? சொல்லும் தொகையில் ஒருமுறைக் கருவி, பயாப்சி, மயக்க டாக்டர், இரண்டாவது ட்யூப் எல்லாம் சேர்த்தியா? ராத்திரி இரண்டு மணிக்கு அடைத்தால் யாரை அழைப்பது? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் மற்ற பதில்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யோசியுங்கள்.

ட்யூபோடு வீட்டுக்கு வந்தால் சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், தரையைத் தொடக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போகுமென்றால் சிலிக்கான் ட்யூபே கேளுங்கள், லேடெக்ஸ் சீக்கிரம் அரிக்கும், அதில் உப்பும் படியும்.

எடுக்கும் நாளைக் காலையில் வையுங்கள். சில இடங்களில் பைக்குள் 200–300 மில்லி சலைன் விட்டுவிட்டு எடுப்பார்கள், உடனே போகிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்து, இரண்டு முறை நன்றாகப் போய், மிச்சத்தை ஸ்கேனில் பார்த்தபிறகு பஸ் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துவிட்டு நேரே ஏற்காட்டுக்குக் கிளம்புவது மட்டும் வேண்டாம். வீக்கம் மறுபடி அடைப்பது பெரும்பாலும் அந்த முதல் ராத்திரியில்தான்.